கேதார கௌரி விரதம்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவராத்திரி முடிந்த கையோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப் பகுதியிலும் உள்ள கோயில்களில் கேதார கௌரி விரதப் பூசை தொடங்கிவிடுகிறது. முதன்முறை காப்புக் கட்ட வருபவர்களும், பல வருடமாக இருந்தும் சில ஐயங்கள் தீராதவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வழக்கம் ஊருக்கு ஊர் சிறிது மாறும். அத்தகைய இடங்களில் உங்கள் கோயில் குருக்கள் சொல்வதையே பின்பற்றலாம்.

இந்த விரதம் யாரை நோக்கி, எதற்காக நோற்கப்படுகிறது?

கேதாரத்தில் எழுந்தருளிய ஈசனை நோக்கிக் கௌரியாகிய உமாதேவி தானே நோற்ற விரதம் இது. மணமான பெண்கள் இல்லறம் பிரிவில்லாமல் நடக்க வேண்டுமென்றும், மணமாகாதவர்கள் நல்ல துணை அமைய வேண்டுமென்றும் இதனை இருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் உள்ளவர்களின் சுகம், கடன் தீர்வது என்று மற்ற வேண்டுதல்களும் இதனோடு சேர்ந்துகொள்வது உண்டு.

எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிக்க வேண்டும்?

புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி, தீபாவளியை ஒட்டிவரும் அமாவாசையில் முடிப்பது முழு விரதம். தசமி முதல் பூரணை வரை 6 திதியும், அதன்பின் தேய்பிறையின் 15 திதியும் சேர 21 ஆகிறது. தொடக்க நாள் விஜயதசமி என்பதால், கோயிலில் விஜயதசமி விழாவான மானம்பூ முடிந்து வாழை வெட்டிய அன்றோ அதற்கு அடுத்தோ கும்பம் வைத்துப் பூசை தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

21 நாளும் இருக்க முடியாதவர்கள் தேய்பிறைப் பிரதமை முதல் சதுர்த்தசி வரை 14 நாளும், அதுவும் இயலாதவர்கள் அட்டமி முதல் சதுர்த்தசி வரை 7 நாளும், எதுவும் இயலாதவர்கள் நிறைவு நாள் ஒன்றில் மட்டும் இருக்கலாம். இவை இன்றைய வசதிக்காகப் புதிதாக வெட்டிக் குறைத்தவை அல்ல. விரத விதியிலேயே உள்ள படிகள். எனவே ஒரு நாள் இருப்பவரை 21 நாள் இருப்பவர் குறைவாக நினைக்க இடமில்லை.

வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நாளும் திருக்கணித பஞ்சாங்கத்தில் வேறொரு நாளும் இருந்தால் எதைப் பின்பற்றுவது?

காப்புக் கட்டப் போகும் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைக் கைக்கொள்கிறதோ அதையே தொடக்கம் முதல் முடிவு வரை பின்பற்றுங்கள். ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிப்பதனால்தான் நாட்கணக்குக் குழம்புகிறது. கைத்தொலைபேசியில் சுற்றிவரும் இந்திய நேரக் கணிப்புகளைப் பார்த்துக் குருக்களோடு வாதாடுவதில் பயனில்லை.

பிருங்கி முனிவரின் கதைக்கும் இந்த விரதத்துக்கும் என்ன தொடர்பு?

விரதத்தின் உயிரே அந்தக் கதைதான். கயிலையில் தேவர்களும் முனிவர்களும் சிவனையும் உமையையும் சேர்த்து வலம்வந்து வணங்க, பிருங்கி மட்டும் சிவனைத் தனியே வணங்கி வந்தார். இருவரும் இடைவெளியின்றி நெருங்கி அமர்ந்தபோதும் அவர் வண்டாக உருவெடுத்து நடுவே துளைத்துச் சென்று ஈசனை மட்டுமே சுற்றினார். உடலில் உள்ள சதையும் குருதியும் சக்தியின் கூறு என்பதால், தன்னை வேண்டாதவருக்குத் தன் கூறும் வேண்டாம் என்று தேவி அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக நிற்க இயலாமல் தள்ளாடிய முனிவருக்குச் சிவன் மூன்றாவது காலொன்றைக் கொடுத்து நிற்க வைத்தார். தன்னை அவமதித்தவருக்குத் தன் கணவரே ஊன்றுகோல் கொடுத்ததைப் பொறாத உமை, கயிலையை விட்டுப் பூமிக்கு வந்து கௌதம முனிவரின் ஆச்சிரமத்தை அடைந்தாள். மழையின்றிக் காய்ந்து கிடந்த அவருடைய சோலை அவள் வரவால் தளிர்த்தது. கௌதமர் சொல்லிக்கொடுத்த முறைப்படி அவள் 21 நாள் நோன்பிருந்தபோது ஈசன் தோன்றித் தன் உடலின் இடப்பாகத்தைக் கொடுத்தார். அர்த்தநாரீசுவரர் என்னும் வடிவம் அவ்வாறு அமைந்தது. தமிழ்நாட்டின் திருச்செங்கோட்டில் மூலவரே இந்த வடிவத்தில் இருக்கிறார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, உமை எதைக் கேட்டு நோன்பிருந்தாள் என்பது. சாவித்திரியை நினைத்து இருக்கும் காரடையான் நோன்பில் கணவனின் ஆயுள் வேண்டப்படுகிறது. இங்கே கணவராகிய ஈசனுக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. மனம் நொந்து வீட்டை விட்டு வந்த ஒருத்தி, இனி எவரும் நடுவே புகுந்து தன்னை விலக்க முடியாத பங்கொன்றைக் கேட்டாள். அது சரிபாதியாகக் கிடைத்தது. பெண் பணிந்து போக வேண்டும் என்று போதிப்பதற்கு இந்த விரதத்தைச் சான்று காட்டும் பிரசங்கங்களைக் கேட்கும்போது, சொல்பவர் கதையின் முதற்பாதியையாவது படித்தாரா என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு. கீழே வரும் பல கேள்விகளுக்கு நான் இந்தக் கதையை வைத்தே விடை தேடியிருக்கிறேன்.

கோயிலில் படிக்கப்படும் பாக்கியவதியின் கதை என்ன?

புண்ணியவதி, பாக்கியவதி என்ற அரசகுமாரிகள் இருவர், தந்தை நாடிழந்து வறுமைப்பட்ட காலத்தில் கங்கைக் கரையில் இந்த விரதத்தைக் கற்றுக் காப்புக் கட்டி வாழ்வு பெற்றார்கள். மணமாகிச் செல்வம் வந்தபின் பாக்கியவதி காப்பைக் கழற்றி அவரைப் பந்தலில் எறிந்துவிட்டாள். அவரைக்கொடி செழித்தது, அவளுடைய வீடு நொடித்தது. உதவி கேட்டு அக்காவிடம் அனுப்பிய மகன் பெற்றுவந்த பொருளும் வழியிலேயே பறிபோக, அக்கா விசாரித்து விரதம் கைவிடப்பட்டதை அறிந்து மீண்டும் நோற்க வைத்தாள் என்று கதை முடிகிறது. வன்னியில் அவரைப் பந்தல் இல்லாத வளவு குறைவென்பதாலோ என்னவோ, அந்த இடத்தைப் படிக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கும் சிறுமிகள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அக்காவின் செய்கைதான் இக்கதையில் எனக்குப் பிடித்த பகுதி. அவள் தங்கையைத் திட்டி அனுப்பவில்லை. விரதத்தை மறுபடி தொடங்க வழிசெய்தாள்.

திருக்கேதீச்சரமும் கேதாரமும் ஒன்றா?

இரண்டும் வேறு. விரதத்தின் பெயரில் உள்ள கேதாரம் இமயமலையில், 3,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் கேதார்நாத். மன்னார் மாந்தையில் பாலாவித் தீர்த்தத்தின் கரையில் உள்ள திருக்கேதீச்சரம், கேது பூசித்த தலமாகச் சொல்லப்படுவது. சம்பந்தரும் சுந்தரரும் இரண்டு தலங்களையும் பாடியிருக்கிறார்கள். அதனால்தான் குழப்பம் எளிதில் வருகிறது. ஆனாலும் திருக்கேதீச்சரத்து அம்பாளின் பெயர் கௌரி என்பதனால், வன்னிப் பெண்கள் நிறைவு நாளில் அங்கே போய்க் காப்புக் கட்ட விரும்புவதில் பொருத்தம் இருக்கிறது. கேதார்நாத் கோயிலோ, தீபாவளி முடிந்த இரண்டொரு நாளில், நாம் காப்புக் கட்டிய ஈரம் காயுமுன்னே, பனிக்காலத்துக்காக நடை சாத்தப்படுகிறது.

விரத நாட்களில் என்ன உண்ணலாம்?

நாளுக்கு ஒருபொழுது உணவு என்பது பொது வழக்கம். மாலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தபின் மரக்கறிச் சோறு உண்பவர்கள் அதிகம். பகலில் பால், பழம், இளநீர், தேநீர் என்று எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நிறைவு நாளில் உபவாசமிருந்து, மறுநாட் காலையில் பாரணை செய்வார்கள். மச்சம் (மீன், இறைச்சி) சமைத்த சட்டியில் விரதச் சாப்பாடு ஆக்குவதில்லை என்பதால், பல வீடுகளில் விரதத்துக்கென்று சட்டி பானை தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.

விதைப்புக் காலத்தில் வயலுக்குப் போகும் பெண்கள் எப்படி இருப்பது?

வன்னியில் இந்தக் கேள்வி எழாத வருடம் இல்லை. வடகீழ்ப் பருவமழையை எதிர்பார்த்துக் காலபோக நெற்செய்கைக்கு நிலம் பண்படுத்துவதும் விதைப்பதும் விரதம் வரும் அதே வாரங்களில்தான் நடக்கின்றன. விடியற்காலையில் வயலுக்கு இறங்கி, வரம்பு கட்டி, பசளை சுமந்து, பின்னேரம் வீடு திரும்பி, பிறகு கோயிலுக்கு நடக்கும் ஒருத்தி நாள் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்தால் மயக்கம் வருவது நிச்சயம். இத்தகையவர்கள் காலையில் கஞ்சியோ அவித்த பயறோ எடுத்துக்கொண்டு, இரவுச் சோற்றைப் பழமும் பாலுமாகக் குறைத்துக்கொள்வது நல்லது. அல்லது கூலி வேலை நெருக்கும் நாட்கள் முடியும்வரை பொறுத்து, கடைசி 7 நாள் முறையைத் தெரிவுசெய்யலாம். ஆடைத் தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். வறண்ட சோலையைத் தளிர்க்க வைத்தவளின் விரதத்தில், விதைக்கிறவள் சாப்பிட்டது குற்றமாகாது.

நிறைவு நாளும் தீபாவளியும் ஒன்றாக வந்தால் வீட்டில் இறைச்சி சமைக்கலாமா?

தீபாவளிக்கு அயலவர்கள் சேர்ந்து ஆடு அடித்துப் பங்கு போடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. சதுர்த்தசியில் வரும் தீபாவளியும் அமாவாசையும் சில வருடங்களில் ஒரே நாளில் விழும். சில வருடங்களில் அடுத்தடுத்து வரும். எப்படி வந்தாலும், விரதமிருப்பவரே அடுப்படியில் நின்று இறைச்சிக் கறி ஆக்கிப் பரிமாறிவிட்டு, தலை முழுகிக் கோயிலுக்கு ஓடும் நிலைமை பல வீடுகளில் இருக்கிறது. சாத்திரம் பார்ப்பதற்கு முன்னர் இது நியாயமா என்று வீட்டிலுள்ள ஆண்கள் யோசிக்க வேண்டும். பங்கை ஒரு நாள் தள்ளி வாங்கலாம், அயலுக்கு விட்டுக்கொடுக்கலாம், இல்லையென்றால் அன்றைக்கு வெளி அடுப்பு மூட்டித் தாங்களே சமைக்கலாம்.

21 அதிரசம் கட்டாயம் வேண்டுமா? படையலில் வேறு என்ன வைக்க வேண்டும்?

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, மஞ்சள், அதிரசம் எல்லாம் 21 என்ற கணக்கில் வைப்பது முறை. அதிரசத்துக்கு நம் வீடுகளில் அரியதரம் சுடுவார்கள். பச்சையரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, ஈரம் முற்றாக உலருமுன் இடித்து அரித்து, சீனிப் பாணியை அந்த மாவில் ஊற்றிக் கிளறி மூடிவைத்தால் மறுநாள் மா பதமாக இறுகியிருக்கும். உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுத் தட்டி, அளவான சூட்டில் போட வேண்டும். பாணி பதம் தவறினால் எண்ணெயில் இட்டதும் மா உதிர்ந்து கரைந்துவிடும். விரதக்காரர் சுவை பார்க்க முடியாது என்பதனால் மூத்தவர்கள் பாணியை விரலிடையே இழுத்துக் கம்பி விழுவதைக் கொண்டே பதம் அறிவார்கள்.

எல்லாவற்றையும் வாங்க வசதியில்லாதவர்கள் கோயிலில் பொதுவாக வைக்கப்படும் படையலில் தம்மால் இயன்ற பழமோ பூவோ சேர்த்தால் போதும். போர் முடிந்த 2009இல் முகாம்களுக்குள் அடைபட்டிருந்த காலத்தில் எண்ணெயும் சீனியும் எவரிடத்தில் இருந்தன? கைக்கெட்டியதை வைத்துத்தான் அன்று கும்பிட்டார்கள்.

காப்பு எப்படிக் கட்டப்படுகிறது? எந்தக் கையில்? எவ்வளவு காலம் அணிவது?

நூலை 21 இழையாகத் திரித்து, மஞ்சள் நீரில் நனைத்து, 21 முடிச்சு இட்டுக் கும்பத்தின் முன் வைத்துப் பூசிப்பார்கள். நிறைவுப் பூசை முடிந்ததும் குருக்கள் பெண்களுக்கு இடது கையிலும் ஆண்களுக்கு வலது கையிலும் கட்டிவிடுவார். நிறைவு நாளில் கூட்டம் நெரிவதால், பெயர், நட்சத்திரம் எழுதிய துண்டை முன்கூட்டியே கொடுத்துவிடுவது சிரமத்தைக் குறைக்கும்.

அடுத்த வருடக் காப்புக் கட்டும்வரை கழற்றாமல் வைத்திருப்போரும், சில நாட்களில் கழற்றிச் சுவாமித் தட்டில் வைப்போரும் உண்டு. இரண்டும் வழக்கமே. தன்னால் அறுந்துவிட்டால் பயப்படத் தேவையில்லை. நூல் நூல்தான், சேற்றிலும் சவர்க்காரத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால் இற்றுப்போகத்தான் செய்யும். பாக்கியவதி செய்த பிழை, நூல் அறுந்தது அன்று. செல்வம் வந்ததும் தூக்கி எறிந்தது.

இடையில் மாதவிலக்கோ துடக்கோ (தீட்டோ) வந்தால் என்ன செய்வது?

21 நாள் என்னும்போது பெரும்பாலான பெண்களுக்கு மாதவிலக்கு இடையில் வரத்தான் செய்யும். அந்த நாட்களில் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலிருந்து உணவு நியமத்தை மட்டும் தொடர்ந்து, பின்னர் முழுகிவிட்டு மறுபடி பூசையில் சேர்ந்துகொள்வதே இங்குள்ள வழக்கம். நாட்கணக்கு அதனால் உடைவதில்லை. நிறைவு நாளிலேயே வந்துவிட்டால், வீட்டிலுள்ள வேறொருவர் காப்பைப் பெற்றுவந்து பின்னர் கட்டலாம். இதற்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கி விழுங்குவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். அதுவும் மருத்துவரைக் கேளாமல் செய்வது ஆபத்தானது.

மரணத் துடக்கு வந்தால் அந்த வருட விரதத்தை நிறுத்தி, அடுத்த வருடம் தொடரலாம்.

கணவரை இழந்தவர்களும், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் இந்த விரதத்தை இருக்கலாமா?

இருக்கலாம். சுமங்கலிகளுக்கே உரியது என்று சொல்லும் குருக்கள்மாரும் மாமிமாரும் இருக்கிறார்கள்; அது பழக்கத்தினால் வந்த கட்டுப்பாடு. விரதத்தை நோற்றவர்களாகக் கதைகளில் வருபவர்களைப் பாருங்கள். கணவரைப் பிரிந்து தனியே வந்த உமை. மணமாகாத நிலையில் வறுமை நீங்க வேண்டிய அரசகுமாரிகள். வாழ்விழந்த பின் மறுபடி தொடங்கிய பாக்கியவதி. குறையற்ற மங்கல நிலையில் இருந்துகொண்டு தொடங்கியவர் இவர்களில் ஒருவரும் இல்லை. இத்தனை வீடுகளைப் பெண்கள் தனித்து நின்று நடத்தும் வன்னியில், பிள்ளைகளுக்காகவும் தனக்காகவும் காப்புக் கட்ட வரும் ஒருத்தியை வரிசையிலிருந்து விலக்குவது, பிருங்கி வண்டாகப் புகுந்து செய்ததையே நாமும் செய்வதாகும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியருக்கு வேறொரு சங்கடமும் உண்டு. தம் உறவுகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டு, 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்த குடும்பங்களுக்குப் பல வருடங்கள் கழிந்தும் விடை கிடைக்கவில்லை. அவர்களில் பலர் தாலியும் குங்குமமுமாகவே இருக்கிறார்கள். கோயிலில் அர்ச்சனைத் துண்டு எழுதும்போது, கணவரின் பெயரை உயிரோடிருப்பவர்களின் வரிசையில் எழுதுவதா, மோட்ச அர்ச்சனைக்குக் கொடுப்பதா என்று பேனையைப் பிடித்தபடி நிற்கும் பெண்ணுக்கு எந்தப் பஞ்சாங்கமும் பதில் சொல்லாது. அவருக்கு எது மனதுக்குத் தோன்றுகிறதோ அதை எழுதட்டும். கணவரின் நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை கேட்டால் குருக்கள் அப்படியே செய்துகொடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர்கள் விசாரிக்கக் கூடாது.

ஆண்கள் இருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். ஆண்களுக்கு வலது கை என்று விதி இருப்பதே அவர்களும் கட்டுவதனால்தான். மனைவியோடு சேர்ந்து இருப்பவர்களை இப்போது முன்னரைவிட அதிகமாகக் காண முடிகிறது.

சீனி வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் என்ன செய்ய வேண்டும்?

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைத் தவிர்த்துவிட்டு மருந்தை மட்டும் எடுத்தால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தையும் விட்டுவிட்டால் சீனி கூடி வேறு விதமாக ஆபத்தாகும். விரதம் தொடங்குவதற்கு முன்வரும் கிளினிக்கிலேயே கொப்பியைக் காட்டி, எத்தனை நாள், எந்த நேரம் உண்ணாமல் இருக்கப் போகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லி ஆலோசனை பெறுங்கள். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வந்தால் உடனே இனிப்பு ஏதாவது வாயில் போட வேண்டும். பூசை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உணவைக் குறைக்காமல், மச்சம் தவிர்த்து, மாலைப் பூசைக்கு மட்டும் போய்வருவது போதுமானது.

கணவர் வெளிநாட்டில் இருந்தால் அவருக்கும் காப்புப் பெறலாமா?

பெறலாம். அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வித்து, கும்பத்தடியில் வைத்த காப்பை வாங்கித் தபாலில் அனுப்புவோர் பலர். நூல் ஈரமாக இருக்கும்போதே உறையில் இட்டால் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்; ஆகவே விபூதி, குங்குமத்தைத் தனித்தனியே மடித்து, நூலை நிழலில் உலர்த்திய பின்னரே வையுங்கள். கடிதம் சென்றடையச் சில வாரம் ஆனாலும் குறையில்லை. கிடைத்த நாளில் முழுகிவிட்டு வலது கையில் அவரே கட்டிக்கொள்ளலாம். ஒரு கையால் முடிச்சுப் போட வராவிட்டால் அறையில் கூட இருப்பவரிடம் கையை நீட்டலாம்.